கண் மட்டத்தில் ஒரு கோடு

என் வீட்டுக்காரருக்குக் கையும் காலும் பேச்சும் போன பிறகு மிச்சமிருந்தது கண் மட்டும்தான். அந்தக் கண்ணும் கட்டிலுக்கு எதிரே இருந்த மீன் தொட்டியைத்தான் பார்த்தது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். தொட்டிக்குள் ஒரு குண்டு ஆரஞ்சு மீன் அப்படித்தான் போய்ப்போய் வரும். நன்றாக இருந்த காலத்தில் அவர்தான் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். "ஒரு வேலையும் செய்யாம எப்படிச் சுத்தி வருது பாரு" என்று சிரிப்பார்.

அவருக்கு எதுவுமே தெரியாது என்றார் டாக்டர். நின்றபடியே சொல்லிவிட்டுக் கிளம்பினார், உட்காரக்கூட இல்லை. ராப்பகலாகக் கூட இருப்பவள் நான். எனக்குத் தெரியாதா?

மகளும் டாக்டர் கட்சி.

"தூக்கித் தூக்கி உன் இடுப்பு போச்சும்மா. ஹோம்ல சேத்துடலாம். அப்பாவுக்கு அங்கயும் ஒண்ணுதான், இங்கயும் ஒண்ணுதான்."

"மீனைப் பாக்குறாருடி."

"நீயா அப்படி நெனச்சுக்கற."

"ஞாயித்துக்கெழம வா. பக்கத்துல உக்காந்து பாரு. அப்பறம் பேசு."

வாய்விட்டுச் சவால் விட்டாயிற்று. ஆனால் தொட்டி பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக் கிடந்தது. ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடம், நாலு நாள் விட்டால் மீனே தெரியாது. பாசி எடுக்க அவர் வாங்கி வைத்த காந்தம் இருந்தது. அதில் இரண்டு துண்டு. சொரசொரப்பானதைத் தண்ணீருக்குள் விட வேண்டும், வழவழப்பானதை வெளியே வைக்க வேண்டும். கண்ணாடியை நடுவில் வைத்து இரண்டும் கவ்விக்கொள்ளும். வெளியே இருப்பதை நகர்த்தினால் உள்ளே இருப்பது கூடவே வந்து பாசியைச் சுரண்டிவிடும், கை நனையாது. "மணல் பக்கம் மட்டும் கொண்டுபோயிடாத" என்று அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை மதியம் துடைத்தேன். மேலே எல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது. அடியில் மணலை ஒட்டி ஒரு பச்சைப் பட்டை மட்டும் நின்றது. விட்டுத் தொலைத்திருக்கலாம். மகள் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு வீம்பு. காந்தத்தை அடிவரைக்கும் இறக்கித் தேய்த்துவிட்டு, மேலே கொண்டுவந்து கடைசியாக ஒருமுறை குறுக்கே அழுத்தி இழுத்தேன். கர்ரென்று சத்தம் கேட்டது. உள்ளே மணல் சிக்கியிருக்கிறது! நான் கையை எடுப்பதற்குள் அவர் பார்வை போய்வருகிற மட்டத்தில் இந்தக் கோடிக்கு அந்தக் கோடி கீறல்.

கையை உள்ளே விட்டுத் துணியால் தேய்த்தேன். விரலால் தேய்த்தேன். என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேன். பிறகு மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"கண்ணாடில விழுந்த கோடு போகாதுக்கா. மீனுக்கு அதனால ஒண்ணும் ஆகாது, விட்டுடுங்க."

"மீனுக்காக இல்லப்பா. தொட்டியவே மாத்திக் குடு."

ஞாயிறு காலையில் கடைக்காரர் வந்து மீன்களை வாளிக்கு மாற்றிச் சமையலறையில் வைத்துவிட்டு, காலித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கூடவே நானும் ஒரு கை பிடித்து வண்டிவரை போனேன். அதே நேரத்தில் மகள் வந்து இறங்கினாள். எனக்கு முன்னால் உள்ளே போனாள்.

"அம்மா, இங்க வாயேன்" என்றாள்.

தொட்டி இருந்த இடத்தில் வெறும் சுவர். அந்தச் சுவரில் அவர் கண்கள் இடமிருந்து வலம் போயின. வலமிருந்து இடம் வந்தன. மேனேஜர் சமையலறை வாளியில் இருந்தது.

இப்போது குத்திக்காட்டுவாள் என்று காத்திருந்தேன். குத்திக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் தோளைத் தொட்டு, "உக்காரும்மா" என்றாள், அவ்வளவுதான்.

நான் உட்காரவில்லை. சுவருக்கு முன்னால் முட்டி போட்டு, அவர் பார்வை வருகிற மட்டத்தில் என் முகத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.

"ஏங்க, நான்தாங்க."

கண்கள் வந்தன. என் முகத்தின் மேல் ஏறின. நிற்காமல் அந்தப் பக்கம் போயின. திரும்பி வந்தன, மறுபடியும் என்னைத் தாண்டிப் போயின.

வாசலில் கடைக்காரர் புதுத் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா, எங்க வைக்கட்டும்?"

"எங்க வெச்சாலும் ஒண்ணுதாம்ப்பா" என்றேன்.