எலுமிச்சம்பழத்துக்கு முன்னால்

பிக்கப் வண்டியின் வலது பக்கத்துப் பின்சக்கர பிரேக் டிஸ்க் கழன்று வருவேனா என்று அடம்பிடித்தது. லோகநாயகி சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினாள். மண்ணெண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தாள். குலசாமியைக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. இத்தனைக்கும் காலையில் இடது பக்கத்து டிஸ்க் நாலே தட்டில் கையோடு வந்திருந்தது. அங்கே புது டிஸ்க்கும் புது பிரேக் பேடும் மாட்டி டயரை முறுக்கியபோது, இலஞ்சியில் தன்னைவிடப் பெரிய மெக்கானிக் இல்லை என்றே நினைத்துக்கொண்டாள். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நாளை விடியற்காலையில் புளியங்குடி எலுமிச்சை லோடு புனலூருக்குப் போகவேண்டும். அவள் ஓட்டப்போகும் முதல் மலைப்பாதை லோடு. இருபது வருடம் ராணுவ லாரி ஓட்டிவிட்டு வந்து இந்தப் பிக்கப்பை வாங்கிய கணவன் நாறும்பூநாதன், ஐந்தருவிப் படியில் வழுக்கி இடது காலை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. ஆனாலும் மூன்று மாதத்துக்குக் கிளட்ச் மிதிக்கக் கூடாது. அவள் தென்காசிக்கும் சுரண்டைக்கும் ஓட்டியபோது பேசாமல் இருந்தவனுக்கு, மலைப்பாதை என்றதும் முகம் மாறிவிட்டது.

"பின்னாடி டிஸ்க் தேஞ்சு கரகரங்குது. லோடோட தென்மலை எறக்கத்துல எறங்க முடியாது. வேற ஆளுக்கு விட்டுருவோம்" என்றான். அருவி சீசன் கூட்டத்தில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் நாலு நாளைக்கு இடமில்லை.

"வீட்டுலயே மாத்துவோம். நீங்க வாயால சொல்லுங்க, நான் கையால செய்யுதேன்" என்று அவள் சொன்னபோது சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளைக் காலை ஏழு மணிக்கே ஸ்பேனரைத் தூக்கவைத்தது.

இடது பக்கம் முடிந்த கையோடு சாரல் தொடங்கியது. அவன் நொண்டிக்கொண்டே ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டான். அதிலிருந்து ஜன்னல் வழியாக உத்தரவு மட்டும்தான் வந்தது.

"ஓங்கி அடிட்டி. துருதான் பிடிச்சிருக்கும்."

அவள் அடிக்கவில்லை. டிஸ்க்கைக் கையால் சுற்றிப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை. காலையில் இடது பக்கம் லேசாகச் சுற்றியதே? துரு பிடித்தால் கழலாது, சரி. சுற்றக்கூடவா செய்யாது? உள்ளே இருந்து ஏதோ பிடிக்கிறது. ஹேண்ட்பிரேக் பிடிப்பது இந்த டிஸ்க்கின் உள்வயிற்றில்தானே. ஆனால் அதை இறக்கிவிட்டு, முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து வைத்ததே அவள்தான். எழுந்து போய் ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். ஹேண்ட்பிரேக் விறைப்பாக மேலே நின்றது.

"ஏங்க, இத யாரு இழுத்தது?"

அவன் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏறி உக்காந்தா கை அதுபாட்டுக்கு இழுத்துரும்ட்டி. இருவது வருசப் பழக்கம்."

"ஒரு மணி நேரமா மாடு மாதிரி அடிக்கேன். பட்டாளத்துக்காரரு மேல உக்காந்து உத்தரவு போடுதாரு!"

கோபம் வரவில்லை அவளுக்கு. சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. கண்டுபிடித்தது அவளல்லவா! லிவரை இறக்கிவிட்டு ஓடிப்போய் இரண்டு தட்டுத் தட்டினாள். டிஸ்க் கைக்கு வந்தது. அந்தத் துருப்பிடித்த கனத்தை மார்போடு அணைத்தபடி, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள்.

புதியதைத் தின்னர் போட்டுத் துடைத்து மாட்டி, டயரை முறுக்கி ஜாக்கியை இறக்கியபோது மணி பதினொன்று. வண்டி வேலை முடிந்தால் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது அவன் வழக்கம். நாலு பழத்தோடு வந்து நின்றான். அவள் ஒன்றை மட்டும் வாங்கி, தெருவில் ஐம்பதடி தள்ளி வலது முன்டயருக்கு நேராக வைத்துவிட்டு வந்தாள்.

"இதுக்கு முன்னால நிப்பாட்டுதேன். பழம் நசுங்கிட்டுன்னா நாளைக்கி வேற ஆளக் கூப்பிடுங்க."

அவன் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான்.

பிரேக்கை மிதித்தாள். கால் தரைவரை போனது. மறுபடி மிதித்தாள், மறுபடி. நாலாவது மிதியில் புது பேடு டிஸ்க்கைத் தொட, பெடல் கல்லாக நின்றது. முன்சக்கரத்துக் கற்களை எடுத்துவிட்டு வந்து கிளப்பினாள். இரண்டாவது கியர். மஞ்சள் புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்து பானெட்டுக்கு அடியில் மறைந்தது. நாறும்பூநாதனின் வலது கை ஹேண்ட்பிரேக்கை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு திரும்பி வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

அவள் மிதித்தாள்.

அவன்தான் முதலில் இறங்கி, நொண்டியபடி வலது பக்கம் சுற்றி வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து, டயருக்கும் பழத்துக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். விரல் நுழையவில்லை. பழத்தை மெல்ல உருட்டி எடுத்து, சாரல் ஈரத்தை லுங்கியில் துடைத்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஸ்டியரிங்குக்கு மேலே டாஷ்போர்டில் அவள் கண்ணெதிரே வைத்தான்.