ஊதா நிறத்தில் ஒரு பொய்

ஹம்ஸினி கண்ணாடி மீன்தொட்டிக்குள் கைவிட்டு, கத்தியைப் பாறைக்கும் பவளத்துக்கும் நடுவில் செருகி நெம்பினாள். முழங்கை வரை உப்புத் தண்ணீர். மேஜைமேல் போன். ஸ்பீக்கரில் கணவன் கௌஷிக்.

"கார்கானா சிக்னல் தாண்டியாச்சு. பத்தே நிமிஷம்."

"மெதுவா ஓட்டேன்!"

"எதுக்கு? ரோடு காலியா இருக்கு. அப்பா பின்சீட்ல தூங்கறார்."

டக். பழுப்புத் துண்டு கையோடு வந்தது.

மாமனார் வரதராஜன் ஊரின் மறுகோடியில், தார்நாகா குவார்ட்டர்ஸில் பன்னிரண்டு வருஷம் வளர்த்த பவளம். அப்போது அது கத்திரிப்பூ ஊதா. ரிட்டயராகி, இரண்டு மாதம் மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் கிளம்பியபோது, அதை வாளியில் வைத்து மடியில் ஏந்தி, லோத்குண்டாவில் மகன் வீட்டுப் புதுத் தொட்டிக்குக் கொண்டுவந்தார். "உன் பொறுப்பும்மா" என்று ஹம்ஸினியிடம்தான் சொன்னார். பீரோ சாவியைக்கூட யாரிடமும் கொடுக்காத மனிதர்.

மூன்றே வாரத்தில் ஊதா மங்கி, சேறு பூசினாற்போல் ஆகிவிட்டது. செத்துவிட்டது என்றே முடிவுகட்டினாள். அவர் போனில் விசாரித்தபோதெல்லாம் "ஜோரா இருக்குப்பா" என்றாள். இன்று அவர் திரும்புகிறார் என்பதால், நேற்று உப்பலில் ஒரு கடையில் அதே ஜாடையில், அதே ஊதாவில் இன்னொன்று வாங்கி வந்துவிட்டாள்.

பழையதை அப்புறப்படுத்தினாள். புதியதின் அடியில் பசை தடவிப் பாறையில் அழுத்தினாள். ஒட்டிக்கொண்டது.

காலிங் பெல்!

வரதராஜன் செருப்பைக் கழற்றிய வேகத்தில் தொட்டியிடம் போனார். மூக்கு கண்ணாடியில் படுமளவு குனிந்தார்.

"அழகா இருக்கு. ஆனா இது என்னுது இல்லையே."

அவள் பசை ஒட்டிய விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "எப்படிப்பா..."

"இங்க விளக்கு டல்லும்மா. வெளிச்சம் கம்மியானா பவளத்துக்குள்ள குடியிருக்கற பாசி பெருகும். அந்தப் பாசியோட நிறம்தான் பழுப்பு. இந்நேரம் என்னுது பழுப்பாயிருக்கணுமே? தார்நாகாவுக்கு வந்த புதுசுலயும் அப்படித்தான் இருந்தது. விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டித்தான் ஊதாவாச்சு."

"செத்துப் போச்சுன்னு நெனச்சுட்டேன்ப்பா."

"செத்தா எலும்பாட்டம் வெளுத்துடும். பழுப்புன்னா உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

கௌஷிக் சிரித்தான். "ஹம்ஸி, கூகுள்ல பாத்திருக்கலாம்ல?"

"நீ பேசாதேடா," என்றார் வரதராஜன். "ரெண்டு மாசத்துல ஒரு நாள் எட்டிப் பாத்தியா?"

அவள்மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் குத்தியது. ஒரே ஒரு போனில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடப் பேச்சில் முடிந்திருக்கும்.

வரதராஜன் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "எப்ப பேத்தே?"

"இப்பத்தான். கால் மணி இருக்கும்."

"அவ்வளவுதானே! ஈரம் காயலேன்னா பொழைச்சுக்கும். கொண்டா, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல ஒட்டிடலாம்."

ஹம்ஸினி சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா வெச்சிருக்கே?"

"நாத்தம் வந்து நீங்க கண்டுபிடிச்சுடக் கூடாதேன்னு..." அவள் ஸிங்க்கைக் காட்டினாள். "கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் கொட்டிட்டேன்ப்பா."