நீட்டிப் படுக்கவைத்த சாமியார்

வரப்புச் சேற்றில் மறுபடியும் செருப்பு மாட்டிக்கொண்டது. மதுரம் அதைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு, முன்னால் போகும் புருஷனைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். அக்குளில் பிளாஸ்டிக் ஃபைலை இடுக்கிக்கொண்டு ஸ்ரீநிவாசன் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். நெஞ்சுக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு இருக்கிற மனுஷர் நடக்கிற நடையா இது? நடுவயலில் சுருண்டு விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூட நாதியில்லை. கார் ரோட்டில் நிற்கிறது, ரோடு எங்கேயோ இருக்கிறது.

தஞ்சாவூர் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், இந்த மாதமே பைபாஸ் பண்ணியாக வேண்டும் என்று. இவரோ, கொள்ளுத்தாத்தா சமாதியில் விளக்கேற்றாமல் நெஞ்சைத் திறக்க விடமாட்டேன் என்று பிடித்த பிடியில் நிற்கிறார். கொள்ளுத்தாத்தா வெங்கடகிருஷ்ணய்யர் உயிர் போகிற நேரத்தில் படுக்கையிலேயே காவி வாங்கிக்கொண்டவர். சந்நியாசியாகிவிட்டவரை எரிக்கக்கூடாது, புதைக்கத்தான் வேண்டும். பெரியப்பா எழுதிவைத்த வம்சாவளியில் 'அன்றே சித்தியடைந்தார்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. எங்கே புதைத்தார்கள் என்று எழுதத் தோன்றவில்லை அந்தப் புண்ணியவானுக்கு. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவர் ஏறாத ஆபீஸ் இல்லை. அந்த வருஷத்து இறப்புப் பதிவேட்டில் தாத்தா பெயரே கிடையாது. சர்வே படத்தில் சமாதி என்று ஒரு புள்ளிகூட இல்லை. ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு திரும்பி வந்து, "கிடைச்சுடும்டீ" என்பார். பயம், வேறென்ன? "கத்திக்குப் பயந்துண்டு தாத்தாவைத் தேடறேள்" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு அடுத்த ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பூதலூர் தாண்டி டீக்கடையில் இன்று காலை விசாரித்தபோதுதான் ஒரு ஆள் சொன்னார், "ஐயரு சாமியாரா? நம்ம பூவம்மாள் வயல்ல மேடு ஒண்ணு இருக்கே" என்று.

பூவம்மாள் நடவு மெஷின் ஓட்டுகிறவனை ஏசிக்கொண்டிருந்தாள். நிலத்துக்காரி. ஐம்பது வயதிருக்கும், புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள். அவசரத்தில் இருந்தாலும் வாய்க்கால் ஓரமாக அழைத்துப் போய்க் காட்டினாள். ஒரு வேம்பு. அடியில் இடுப்புயர மண்மேடு. மேட்டின்மேல் மஞ்சள் பூசிய செங்கல்.

"இது யாரோடதுன்னு தெரியுமா?" ஸ்ரீநிவாசனுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கிரகாரத்து ஐயரு சார். சாவப்போறாருன்னு காவி கட்டி விட்டாங்களாம். மனுசன் பொழைச்சுக்கிட்டாரு! காவி கட்டுனவர வீட்ல சேத்துக்குவாங்களா? இங்கதான் கொட்டாய் போட்டுக் கெடந்தாரு, ரொம்ப வருசம். எங்க தாத்தன் வீட்டுக் கஞ்சிதான். ஐயரு செத்ததும் தாத்தன்தான் பொதைச்சாரு."

"எப்படி? உக்காத்தி வச்சுதானே?"

"ஒக்கார வச்சா? எங்க ஆளுங்களப் பொதைக்கிற மாதிரிதான் சார். தலைய தெக்க வச்சு, நீட்டிப் படுக்க வச்சு."

ஸ்ரீநிவாசனின் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்ப இது எங்க தாத்தா இல்லை. சந்நியாசியை உக்காத்தி வச்சு, உப்பும் விபூதியும் கொட்டித்தான் மூடணும். பெரியப்பா எழுதியே வச்சிருக்கார், அன்னிக்கே போயிட்டார்னு. பொழைச்சாராம், கஞ்சி குடிச்சாராம்!"

"நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. மிசினு நிக்குது எனக்கு." பூவம்மாள் இரண்டெட்டு நடந்தவள், மதுரத்தின் பக்கத்தில் வந்ததும் குரலை இறக்கினாள். "அவரு சம்சாரம் தெனம் விடியக்காலைல அந்தாண்டக் கரைக்குக் குளிக்க வருமாம்மா. இவரு இங்க ஒக்காந்திருப்பாராம். ஒரு வார்த்த கெடையாது. வாய்க்காலத் தாண்டி அது வந்ததே இல்லன்னு எங்கம்மா சொல்லும்."

மதுரம் வாய்க்காலைப் பார்த்தாள். ஒரு புடவையை உதறி விரித்தால் அக்கரைக்கு எட்டிவிடும், அவ்வளவுதான் அகலம். அடிப்பாவி, எப்படியடி தலை முழுகி எழுந்து, அந்த மனுஷனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாய்? தினமுமா? நெற்றியில் குங்குமம் வைத்துக்கொள்ள விட்டார்களா உன்னை? கஞ்சி குடித்துக்கொண்டு கண்ணெதிரே உட்கார்ந்திருந்த ஆளைச் செத்தார் என்று எழுதிவைத்த அத்தனை பேர் மேலும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"கிளம்பு" என்றார் ஸ்ரீநிவாசன். "மெட்ராஸ்ல ஆவணக் காப்பகத்துல பழைய ரிக்கார்டெல்லாம் இருக்கு. அடுத்த மாசம் போய் ஒரு வாரம் உக்காந்து பார்த்தா…"

"அடுத்த மாசமா?"

அவள் போட்ட சத்தத்தில் வயலில் இறங்கியிருந்த கொக்குகள் எழும்பின.

"டாக்டர் சொன்னது இந்த மாசம்னா! தாத்தா இதோ இருக்கார். படுத்திருந்தா என்ன, உக்காந்திருந்தா என்ன? உசிரோட இருக்கறவரைச் செத்துட்டார்னு எழுதி வச்சுண்டு நிம்மதியா இருந்தது உங்காத்து மனுஷா. என்னால முடியாது. ஆஸ்பத்திரிக்கு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, எழுந்து வரேன்." சொல்லிக்கொண்டே ஈரமண்ணில், மேட்டை ஒட்டிச் சப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். அழுகை வந்துவிட்டது.

"பைத்தியமா உனக்கு?" என்றார் அவர். பிறகு விடுவிடுவென்று வரப்பில் நடக்கத் தொடங்கினார்.

அதற்குள் பூவம்மாள் மடையைத் திறந்துவிட்டிருந்தாள். வரும்போது வெறும் சேறாக இருந்த இடத்தில் தண்ணீர் வரப்பை அறுத்துக்கொண்டு போனது. ஸ்ரீநிவாசன் ஒரு காலைத் தூக்கினார். வைக்கத் துணிவில்லாமல் திரும்ப ஊன்றிக்கொண்டார். ஃபைலை இடது அக்குளுக்கு மாற்றினார். அப்புறம், திரும்பிப் பார்க்காமலே, வலது கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

மதுரம் எழுந்திருக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அந்த ஒரு வார்த்தை வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.