அரை அங்குல இடைவெளி

எங்கள் சாப்பாட்டு மேசையை என் கணவர் கில்பர்ட் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். படகு கட்டும் தச்சர் அவர், வேலை சுத்தமாக இருக்கும். அறுத்த பக்கங்களுக்குப் புதுக் கால்கள் பொருத்தினார். பெரிய துண்டு எங்கள் இருவருக்கும், சின்னத் துண்டு மகள் மோராக்குக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டார். நடுவில் அரை அங்குலம் இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தார். பவுல் அப்போஸ்தலன்கூட அத்தனை கணக்காகச் சொல்லவில்லை.

மோராக் செய்த குற்றம் இதுதான்: அபர்டீனில் செவிலியர் வேலைக்குப் போனவள் அங்கே தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். அவிசுவாசிகளோடு ஒரே நுகத்தில் பிணைக்கப்படக் கூடாது என்று வசனம் இருக்கிறது. சங்கத்தின் உறுப்பினர் அட்டையும் நுகம்தான் என்று எங்கள் சபை மூப்பர்கள் தீர்மானித்தார்கள். மூன்று முறை வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார்கள்.

"வேலையில நான் அழுதப்ப எங்கூட நின்னவங்க சங்கத்துக்காரங்க. இப்ப எப்படி விட்டுட்டு வர்றது?" என்று அவள் கேட்டாள்.

சபை அவளை விலக்கியது. விலக்கப்பட்டவரோடு சாப்பிடவும் கூடாது. அது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் இருக்கிறது. மேசைகள் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரே மேசை, தொடாவிட்டால் இரண்டு. எங்கள் துறைமுகத் தெருவிலேயே இப்படி இன்னும் நான்கு வீடுகளில் மேசை பிரிந்திருந்தது. யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. எனக்கும்தான்.

கில்பர்டைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளையை வாசற்படி ஏறவிடாத அப்பன்மார் எங்கள் சபையிலேயே இருந்தார்கள். இவர் மேசையை அறுத்தது மகள் வந்து உட்கார ஓர் இடம் இருக்கட்டும் என்றுதான். அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்தார்.

அவளும் வந்தாள். ஏழு வருஷம், வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பஸ் ஏறி வந்து தன் சின்ன மேசையில் உட்கார்ந்தாள். அப்பா எங்கள் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி ஜெபிப்பார். அவள் தன் சாப்பாட்டுக்கு மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். உப்பும் வெண்ணெயும் இரண்டு இரண்டாக வைப்பேன்.

"என்னப்பா, அரை அங்குலம் சௌக்கியமா? போன வாரத்துக்கு இந்த வாரம் வளந்த மாதிரி இருக்கே" என்பாள்.

"வாய மூடிட்டுச் சாப்பிடு கழுதை" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பார்.

எட்டாவது வருஷம் அக்டோபரில் அவளுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளே செவிலி; யாரும் அவளிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு எனக்கு ஒரே ஓர் ஆசைதான் மிஞ்சியது. அவள் போவதற்குள் ஒரு வேளையாவது மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும்.

கில்பர்டிடம் கேட்டேன்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லியா எல்ஸ்பெத்?" என்றார். "வசனம் அப்படி இருக்கே. நம்ம பிள்ளைன்னு வசனத்த வளைச்சா அப்புறம் எத நம்பறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத மாதிரி இருந்துவிட்டேன் என்பதுதான் சரி.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, புகைபோட்ட மீனும் உருளைக்கிழங்கும் பாலும் சேர்த்துச் சூப் வைத்திருந்தேன். அவளுக்கு உயிர் அது. மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ஆனால் கை நடுங்கிக் கரண்டி வாய்வரை போகவில்லை. எழுந்து அவள் பக்கம் போனேன்.

"ஊட்டு, ஊட்டு" என்றார் கில்பர்ட் அவசரமாக. "நீ சாப்பிடாம ஊட்டுனா தப்பில்ல."

நின்றபடியே ஊட்டினேன். நாலு வாய் இறங்கியது. ஐந்தாவது கரண்டியை அவள் தன் இரண்டு கையாலும் பிடித்து மெல்ல என் பக்கம் திருப்பினாள்.

"நீ ஒரு வாய் சாப்பிடும்மா. ஒரே ஒரு வாய்."

கேலி இல்லை, சிறுபிள்ளை கேட்பதுபோல் கேட்டாள். நான் கில்பர்டைப் பார்த்தேன். அவர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சாப்பிடு கண்ணு. நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்றேன்.

"சரிம்மா" என்றாள். அதற்குப் பிறகு அவள் மேசைக்கு எழுந்து வரவேயில்லை. மார்ச் ஒன்பதாம் தேதி அடக்கம் செய்தோம்.

ஆறு வாரம் கழித்து, வியாழக்கிழமை வேத வாசிப்புக் கூட்டத்தில் மூப்பர் ஹெக்டர் எழுந்து லண்டனிலுள்ள தலைமைச் சகோதரரின் கடிதத்தை வாசித்தார். கொரிந்தியர் வசனத்தின்மேல் புதிய வெளிச்சம் கிடைத்திருக்கிறதாம். சாப்பிடக் கூடாது என்றது சபையில் அப்பமும் திராட்சரசமும் எடுக்கும் கர்த்தருடைய பந்தியை மட்டும்தானாம். வீட்டு மேசைகளுக்கு அது பொருந்தாதாம். முன் வரிசையில் ஒருத்தி வாய்விட்டு அழுதாள். விலக்கப்பட்ட அவளுடைய மகன் உயிரோடு இருக்கிறான்.

கில்பர்ட் எழுந்தார்.

"ஹெக்டர், வசனத்துல ஏதாவது மாறியிருக்கா?"

"வசனம் அதேதான் சகோதரரே. நாம புரிஞ்சுக்கிட்ட விதத்துலதான்..."

"நான் இனிமே யார்கூடச் சாப்பிடுவேன்?"

ஹெக்டர் கடிதத்தை மடித்தார், திரும்பப் பிரித்தார். கில்பர்ட் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "நம்மள ஏமாத்திட்டாங்க எல்ஸ்பெத்" என்றார். பாவம், அவருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடிகிறது. நான் கையைப் பிடித்துக்கொண்டேனே தவிர, ஆமாம் என்று சொல்லவில்லை. பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று கர்த்தரைத்தான் ஏசினார்கள் என்பது எனக்கு ஆறு வயதிலிருந்தே தெரியும். வருஷா வருஷம் வேதத்தில் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன். என் மகள் கேட்டது ஒரு வாய். அதைச் சாப்பிட எனக்கு லண்டனிலிருந்து கடிதம் வந்திருக்க வேண்டியதில்லை.