நாட்டின் மொத்தப் பால்

நாட்டின் மொத்தப் பாலும் காலையில் ஒரே கேனில் என் மேசைக்கு வந்துவிடும். நான் அதில் ஒரு சொட்டு நீல மருந்து விடுவேன். நீலம் பால் முழுக்கப் பரவி நின்றால் எல்லா மாடும் நலம். மேலே பாலேட்டில் வளையமாகக் கூடினால் எங்கோ ஒரு மாட்டுக்குக் கன்று வீச்சு நோய்; சினை மாடு குறைமாதத்திலேயே கன்றைப் போட்டுவிடும், மனிதருக்கும் தொற்றும். நோயை எதிர்த்து மாடு சுரக்கும் பொருள், நீலத்தைப் பிடித்துக்கொண்டு ஏட்டோடு மேலே ஏறிவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இன்று வளையம் இருந்தது.

மாடுகள் எல்லாம் அலுவலகத் தாழ்வாரத்தில்தான் நிற்கின்றன. தாழ்வாரம் கன்னியாகுமரியில் தொடங்குகிறது. பாதி மாடுகளின் பாலைத் தனியே பார்த்தேன். வளையம் இல்லை. வீட்டுக்கு அனுப்பினேன். தாழ்வாரம் பாதியாகச் சுருங்கியது. மீதியில் பாதி. மறுபடி பாதி. மதியத்துக்குள் அது ஒரு மாட்டின் நீளத்துக்கு வந்துவிட்டது.

அங்கே பாவாயி அக்கா, சினையாக இருந்த செவலைப் பசுவின் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பின்னால் ஓர் ஆலமரம்.

செவலையைக் கறந்து பார்த்தேன். வளையம் இல்லை. அக்காவின் தூக்கில் இருந்த பாலில் வளையம் இருந்தது. எனக்குப் புரியவில்லை.

எங்கள் இயக்குநர் போன வாரம் குளிர்பெட்டியாக மாறிவிட்டார். தடுப்பூசி கெடாமல் இருக்கிறது. அவர் கதவைத் திறந்தார்.

“கடைசி மாட்ட நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுருங்க. சாயங்காலம் வண்டி வருது.”

“அதுக்கு நோய் இல்ல சார்.”

“வேற மாடும் இல்லையே.” குளிர் போய்விடும் என்று மூடிக்கொண்டார்.

“அப்ப என்னையும் ஏத்துங்க டாக்டரு,” என்றார் அக்கா. “நானும் சினைன்னு எழுதிக்கங்க.”

“தூக்குல வேற யாரு பாலுக்கா?”

“இவரோடதுங்க.” மரத்தைக் காட்டினார். “மாடு ஈனுனா நஞ்சுக்கொடிய வைக்கோல்ல சுத்திப் பால்மரத்துல கட்டுவோம். மாடு நல்லாக் கறக்குமுங்க. ஊரே கட்டுச்சா, இவரும் கறக்க ஆரம்பிச்சுட்டாரு.”

மரத்தைக் கறந்தேன். உதைக்காமல் நின்றது. வளையம் கெட்டியாக வந்தது.

“கன்னு வீசுன மாட்டோட கொடியும் இருக்கா?”

“மாரப்பண்ணன் மாடு ஏழாம் மாசம் வீசுச்சுங்க. மாட்ட வித்துட்டாரு. கொடி அந்தா தொங்குது.”

காக்கை ஒன்று அதைக் கொத்தியது. ஒரு துணுக்கு செவலையின் தீவனத் தொட்டிக்கு அருகே விழுந்தது.

“எல்லாத்தையும் அவுத்துப் புதைச்சிரணும்க்கா.”

“அவுத்துட்டா செவலைக்குப் பால் வத்திருமுங்களே?”

“தீனி போட்டா வத்தாதுக்கா.”

கையுறை போட்டுக்கொண்டு மூட்டைகளை இறக்கினேன். மரம் முதுகை நிமிர்த்தியது. அக்கா அதைத் தட்டிக்கொடுத்தார்.

வண்டி வந்தது. மரத்தில் புதிதாகக் கறந்த பாலில் வளையம் இல்லை. வண்டிக்காரர் எதையும் ஏற்றாமல் எல்லைக்குப் போனார். செவலை அசைபோட்டது. மரமும்.

இப்போது எல்லா ஊரிலும் நஞ்சுக்கொடியையும் வீசிய கன்றையும் வெறுங்கையால் தொடுவதில்லை. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கிறோம். நான்கு முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இந்த நோய்க்கு ஆயுளில் ஒரே தடுப்பூசி. பாலைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.