ரிம்மில் படாத எண்ணெய்

பிரபாகர் கேட்டது ரிம் பிரேக் வைத்த சைக்கிளைத்தான். தேவிப்ரியாதான் விடவில்லை.

ராசிபுரத்தில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிற குடும்பம். தறிச்சத்தத்துக்குள்ளேயே பாதி வயதைக் கழித்துவிட்ட மனிதருக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு தடவையாவது சொந்தக் காலால் மிதித்துப் போய்க் கன்னியாகுமரிக் கடலைப் பார்த்துவிட வேண்டும். சேலத்து சைக்கிள்காரர்கள் சிலர் கார்த்திகை பிறந்ததும் கூட்டமாகக் கிளம்புவார்கள். அவர்களோடு போவதற்காக வருடம் முழுக்க ஏற்காடு மலையில் ஏறி இறங்கிப் பழகினார். பழைய சைக்கிள் அதற்குத் தாங்காது என்று ஆனதும், புதிதாக ஒரு ரோடு பைக் வாங்கப் புருசனும் பெண்டாட்டியுமாகச் சேலத்துக் கடைக்குப் போனார்கள்.

இரண்டு சைக்கிள்களைப் பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டினார் கடைக்காரர். ஒன்றில் ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பையே கவ்விப் பிடித்தன. மற்றதில் சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஓர் எஃகுத் தட்டு இருந்தது. பிரேக் அந்தத் தட்டைப் பிடித்தது.

"ரிம்மே போதும் தேவி. கண்ணுக்குத் தெரியற பிரேக்கு. கட்டை தேஞ்சா எந்த ஊர்லயும் மாத்திக்கலாம். டிஸ்க்குல ஒண்ணுன்னா எனக்கென்ன தெரியும்?"

அவள் அவரை விட்டுவிட்டுக் கடைக்காரரைப் பார்த்தாள். "மழையில எதுங்க நல்லா நிக்கும்?"

"மழைன்னா டிஸ்க்குதானுங்க."

"அப்ப அதையே குடுங்க."

"மலையில எறங்கறது நானு," என்று சிரித்தார் பிரபாகர். "பிரேக்கு மட்டும் நீ சொல்றதா?"

"ஆமாங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் ஊட்டுல வயித்துல நெருப்பக் கட்டிட்டு உக்காந்திருக்கறவ நாந்தான்."

டிஸ்க் வைத்ததே வீட்டுக்கு வந்தது.

ஆயுத பூசை வந்தது. முந்தின வருடப் பூசையில் அவள் பழைய சைக்கிளை அடி முதல் நுனி வரை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்திருந்தாள். மறுநாள் அவர் தெருமுனையில் பால்காரர் வண்டியில் போய் முட்டி நின்றார். திரும்பி வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "மத்த எடத்துல எல்லாம் பூசிக்க சாமி. ரிம்முல மட்டும் எண்ணெய் காட்டாத. கட்டை வழுக்கிருது."

அது அவள் மனதில் பதிந்திருந்தது. இந்த வருடம் தறிகளைத் துடைத்துப் பொட்டு வைத்து முடித்ததும், சைக்கிளுக்குத் தனியாக உட்கார்ந்தாள். ரிம்மை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்தாள். எண்ணெய்க் கை அதில் படாமல் பார்த்துக்கொண்டாள். தட்டு ரிம் இல்லையே. முன் தட்டையும் பின் தட்டையும் பூசைத் தாம்பாளம் மாதிரி மினுங்கும் வரை எண்ணெய் விட்டுத் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

சாயங்காலம் வந்த பிரபாகர் குனிந்து ரிம்மைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். "பரவால்லியே, தொடவே இல்ல. தேறிட்ட போ," என்றார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் விடியற்காலை, கூட மலையேறும் அறிவழகன் காரோடு வந்தான். மலை அடிவாரம் வரை சைக்கிள்கள் காரில் போகும். பிரபாகர் தட்டிலிருந்த பொட்டுகளைப் பழைய பனியனால் துடைத்துவிட்டு, சைக்கிளை வாசலுக்கு உருட்டிப் பிரேக்கை ஒரு தடவை பிடித்தார். தெருவே கேட்கும்படி கிறீச்சிட்டது.

"என்னண்ணா, ஆட்டக் கழுத்தப் புடிச்ச மாதிரி கத்துது?"

"பனி ஈரம்டா. தட்டு சூடானாச் சரியாயிரும்."

நேற்று வரைக்கும் பனியிலும் இது கத்தியதில்லையே என்று தேவிப்ரியாவின் வாய்நுனி வரை வந்தது. அடுப்பில் பால் பொங்கிற்று. உள்ளே ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் கார் போய்விட்டது.

ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை. இறங்கும்போது இரண்டு வளைவுகளை எப்படியோ சமாளித்திருக்கிறார். மூன்றாவதில் பிரேக்கை ஒட்டப் பிடித்தும் சைக்கிள் நிற்காமல் போயிற்று. பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் மலையோரக் கால்வாயில் சைக்கிளை விட்டு விழுந்தார். தோளில் காறை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் மாமியார் கந்தம்மாள் மருமகளைப் பிடித்துக்கொண்டாள். "அந்தத் தட்டு பிரேக்கு வேண்டாம்னு எம்பையன் தலப்பாடா அடிச்சுக்கிட்டானே. கேட்டியா நீ?"

"பிரேக்கு மேல தப்பில்லம்மா," என்றார் பிரபாகர் கண்ணைத் திறக்காமலே. "வளைவுல மண்ணு கெடந்துச்சு. வழுக்கிருச்சு."

அறிவழகன் சைக்கிளைக் கொண்டுவந்து தறிக்கூடத்தில் சாத்திவிட்டுப் போனான். சேற்றைத் துடைக்கலாமென்று உட்கார்ந்தாள் தேவிப்ரியா. மினுங்கிய தட்டு கறுத்திருந்தது. அதிலிருந்து தீய்ந்த தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. துணி கையிலேயே நின்றது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் சோற்றைப் பிசைந்து ஊட்டும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். மண் என்று நம்புகிறவரிடம் எப்படிச் சொல்வது? இத்தனை பயந்து தேர்ந்தெடுத்தவளே இப்படிப் பண்ணினாள் என்றா? சொல்லாமலே அடுத்த கவளத்தை நீட்டிவிடுவாள்.

கார்த்திகை பிறந்தது. கட்டு அவிழ்க்கவில்லை. கன்னியாகுமரிக் கூட்டம் ராசிபுரத்தை ஒட்டிய ஆண்டகளூர்கேட் வழியாகத்தான் போகும். "வழியனுப்பிட்டு வந்தரலாம் வா," என்றார். இருட்டு பிரியாத நேரத்தில் அவரை ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனாள்.

ஏழெட்டு சைக்கிள்கள் விளக்கோடு வந்து அவர்கள் முன்னால் நின்றன. எல்லாவற்றிலும் தட்டு. ஒன்றிலிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை. நல்ல பிரேக் இப்படித்தான் நிற்கும் போலிருக்கிறது. அன்றைக்கு அத்தனை பெரிதாகக் கத்தியதைக் கேட்டுக்கொண்டுதான் அவரை அனுப்பியிருக்கிறாள்.

"அக்கா, சித்த சைக்கிளப் புடிங்க, தண்ணி குடிச்சுக்கறேன்," என்றான் அறிவழகன்.

அவள் பின்வாங்கினாள். கிளம்பும்போது தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"புடி தேவி," என்றார் பிரபாகர், ரோட்டைப் பார்த்தபடி. "தட்டத் தொடாமப் புடி. அவ்வளவுதான்."

ஹேண்டில்பாரை மட்டும் பிடித்துக்கொண்டாள். அறிவழகன் வாங்கிக்கொண்டு போனபிறகு கேட்டாள்: "எப்பங்க தெரியும்?"

"ரெண்டாவது வளைவுலயே வாசம் வந்துருச்சு." தோள்கட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "எனக்கும் அறிவு வேணுமல்ல? ரிம்மத்தான் தடவிப் பாத்தேன்."

சைக்கிள்கள் நாமக்கல் பக்கம் போய்விட்டன. சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக லாரிகளுக்குள் மறைந்தன.

"போலாமுங்களா?"

"இரு. இன்னும் ஒரு லைட்டு தெரியுது."

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நின்றாள்.