நாடி பிடித்த கை
விடிய விடிய போனில் வீடியோ பார்த்துவிட்டு, கண்ணெரிச்சலோடு வார்டுக்கு வந்திருந்தாள் அந்த மருத்துவ மாணவி. ஒரு நோயாளியின் நாடியை எண்ணும்போதே நின்றபடி தூங்கிப்போனாள். "எவ்வளவும்மா?" என்று பேராசிரியர் கேட்டதும், திடுக்கிட்டு வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னாள். அவர் தொட்டுப் பார்த்தார். நாடி தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. நோயாளியை அவசர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவை அழைத்தாள்.

"பொய் சொல்லிட்டேன்மா. ராத்திரியில போனைக் கீழ வைக்கவே முடியல. தூக்கமே போச்சு. என்னைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

"படிக்கிறேன்னுதானேடி நெனச்சுட்டிருந்தேன்!" அம்மாவின் குரல் உடைந்தது. "அங்க மனநல டாக்டர் இருப்பாங்கல்ல? இப்பவே போய்ப் பாரு. நான் கிளம்பி வர்றேன்."

எழுந்தாள். மனநலப் பிரிவை நோக்கி மெல்ல நடந்தாள்.